படகுக்காரியின் ஏழாம் பாகமும் நான் சொன்ன பொய்யும்

அன்புள்ள சிட்டு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று போன வாரம் உன் குரலிலேயே தெரிந்தது, ஆனாலும் எழுத்தில் ஒரு தடவை கேட்டால்தான் எனக்குத் திருப்தி. போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சில விஷயங்களைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் யாரும் குறுக்கே வரக் கூடாது, வந்தால் நான் நழுவிவிடுவேன். ஏழாம் பாகத்தைப் படித்துவிட்டு அழுதேன் என்று நீ சொன்னாயே, அன்றே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் எதிர்வீட்டுக்காரரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது படிக்கும்போது நீ லிஃப்டில் மாட்டிக்கொண்டு, பயப்படாமல் உள்ளேயே உட்கார்ந்து படகுக்காரி படக்கதையின் முதல் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். கதவைத் திறந்த அவர் உன்னை வெளியே விட்டுவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. ஆறாம் பாகத்தில் அவள் செத்துப்போன தம்பியைத் தேடி எமனுடைய ஆற்றில் படகை இறக்கியதோடு நிறுத்திவிட்டு, அந்த ஓவியர் மூன்று வருஷம் மூச்சு விடவில்லை அல்லவா? ஞாயிற்றுக்கிழமைதோறும் பேப்பர் கடை பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கூடி இனி என்ன ஆகும் என்று சண்டை போடுவார்கள், அதற்கு இவர்தான் தலைவர். அந்தப் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்வது எங்கள் அச்சகம்தான் என்பதால், முடிவை நான் மடியில் கட்டி வைத்திருப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, "அக்கா, ஏழாவது வந்துடுச்சா?" என்பதுதான் விசாரிப்பு.

போன வருஷக் கடைசியில் அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டு ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் நான் பார்க்கப் போனேன். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, டாக்டர் பாதிக்குப் பாதின்னுதான் சொல்றார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தம்பியை அவ கூட்டிட்டு வந்துடறாளா?" என்றார். அப்போது அச்சகத்துக்கு ஏழாம் பாகத்தின் ஒரு தாள்கூட வரவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படித் தெரியாது என்பேன்? வந்துவிட்டது, நான் பார்த்தேன், கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள் என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? தம்பிக்கு ஈடாகத் துடுப்பை எமனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையாலேயே தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கரை சேர்ந்தாள் என்று அளந்துவிட்டேன். "கையாலயே வந்தாளா! அவதான்க்கா, அவளேதான்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பிழைத்து வந்தார். நானே ஆபரேஷன் செய்ததுபோல எனக்குப் பெருமை. ஆனால் அவர் சும்மா இருப்பாரா, அச்சகத்துக்குள்ளிருந்து வந்த சேதி என்று பெஞ்சில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அவர்களும் குதித்தார்கள். நான் அந்தக் கடைப் பக்கமே போகாமல் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

ஒரு மாதம் முன்பு ஏழாம் பாகம் வந்தது. பதினாறு பதினாறு பக்கமாக மடித்த ஃபாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஆறாவது ஃபாரத்தில் கை நின்றுவிட்டது. நீதான் படித்தாயே, தம்பி எமன் வாசலுக்கே காவல்காரனாகி, அக்காவை அடையாளம் தெரிந்தும் வரமாட்டேன் என்கிறான். கடைக்குப் போகப் பத்து நாள் இருந்தது. ஒன்பது நாள் செருப்புச் சத்தம் கேட்காமல் அவர் வாசலைத் தாண்டினேன். பத்தாம் நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிடுவார், இல்லாவிட்டால் கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "கதை கிடக்கட்டும்க்கா. அன்னைக்கு நான் பயந்து போயிருந்தேன். அவ மருந்து வாங்கிட்டு வந்ததும் மனசுல இருக்கறதை எல்லாம் பேசிடணும்னு இருந்தேன். நீங்க சொன்னதும் பயம் போயிடுச்சு. அவகிட்டயும் அந்தக் கதையையே சொல்லிட்டுத் தூங்கிட்டேன். நான் திரும்பி வரலேன்னா, என் பொண்டாட்டிகிட்ட நான் கடைசியா பேசினது உங்க பொய்தான்" என்றார்.

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் பெஞ்சில் என் பெயரை இழுக்காமல், மயக்கத்தில் தானே ஏதோ உளறிவிட்டதாகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாராம். அது என்னை இன்னும் கூனிக் குறுக வைத்தது. போன ஞாயிறுதான் படியில் நிறுத்தி, "எட்டாவது உங்க கைக்கு வந்தா வாயைத் தொறக்காதீங்கக்கா, நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

சிட்டு, கடைசிப் பேச்சு என் பொய்யாகியிருக்கும் என்று அவர் சொன்ன அந்த வார்த்தை அவரோடு முடியவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் நீ ஹாஸ்டலிலிருந்து போன் செய்து கேட்டாய். காய்ச்சல்தான், குறைந்துவிட்டது, பரீட்சையை முடித்துக்கொண்டு வா என்றேன். நீ வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. திடீரென்று ஆகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன், நீயும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறாய். திடீரென்று ஆகவில்லை. மூன்றாம் நாளே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணை வரச் சொல்லிவிடுங்கள் என்றார், நிலைமை மோசம் என்று ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். நான் சொல்லவில்லை. உன் படிப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னை வரச் சொன்னால் அவர் பிழைக்கமாட்டார் என்பதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம்தான் உண்மை. எட்டாம் நாள் அப்பாவிடம் நீ ரயில் ஏறிவிட்டாய் என்றேன். மகள் வருகிறாள் என்று நர்ஸிடம் சொல்லி முகச்சவரம் செய்துகொண்டார். ஒன்பதாம் நாள், "அவகிட்ட ஒரு நிமிஷம் பேசணும், போன் போடு" என்றார். உன் போன் அணைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என்ன பேச நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு நானாக ஒன்றைக் கட்டிச் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னிடம் பேச வேண்டும் என்று அவர் கேட்டார். அது உனக்குச் சேர வேண்டியது.

இதற்கு மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை. நீ எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி, வந்து நாலு வார்த்தை கேட்டாலும் சரி. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. மூன்றாம் நாள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். தேதி தெளிவாக இருக்கிறது. இத்தனை வருஷம் என் துணிகளுக்கு அடியில் கிடந்தது, இனி உன்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா