எல்லாருக்கும் ஒரே நாள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நம் சாப்பாட்டு மேசையில், உன் அப்பா தலைமையில், நாயும் பூனையும் உடனிருக்க, வீட்டில் எல்லாருடைய உடம்பையும் ஒரே நாளில் டாக்டரிடம் காட்டிவிடுவது என்று ஒருமனதாக முடிவானது. பூனை நடுவில் எழுந்து போனதை எதிர்ப்பாகக் கொள்ளவில்லை. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை, ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. நீ நலம் என்பதை எந்த முடிவும் பார்க்காமலே நம்புகிறேன்.

திட்டம் அப்பாவுடையது. காலையில் வெறும் வயிற்றில் அவர் ரத்தம் கொடுப்பது, அங்கிருந்து போய் வக்கீலுக்கு மயக்க மருந்து கொடுத்துச் சொத்தைப் பல்லை எடுப்பது (நாய்க்கு இப்போது அதுதான் பெயர், தெருவில் யார் என்ன பேசினாலும் மறுத்துப் பேசுகிறது), பூனைக்கு வருடாந்தரத் தடுப்பூசி, பிற்பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் என் கழுத்துக் கட்டியில் ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது. உன்னைக் கடைசியா வெச்சா நிதானமா பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னார். நீ போன தடவை வந்தபோது கட்டி பட்டாணி அளவு இருந்தது, இப்போது சங்கிலி அதன் மேல் ஏறி உட்காருகிறது. வலி இல்லை. வலி இல்லாததுதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

ரத்தம் எடுக்கிற இடத்தில் ஊசியைப் பார்த்ததுமே அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எடுக்கிற பெண், சார் இன்னும் குத்தவே இல்லைங்க என்றாள். அவர் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. அடுத்து நாய். அதற்கும் வெறும் வயிறு என்று முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனால் விடியும்போது அடுக்களையில் இரண்டு பட்டினிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனிக்காமல் விட்டேன். நாய் டாக்டர் ஏதாச்சும் குடுத்தீங்களா என்று கேட்டதும் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். ஒரே ஒரு ரொட்டித் துண்டுதான், அது பாவம் சார் என்றார். பாவம்தான் சார், மயக்க மருந்துக்கு அது புரியாதே என்று டாக்டர் பல்லைப் பிற்பகலுக்குத் தள்ளினார். பூனை ஊசி போட்டுக்கொண்டு, டாக்டர் கையைக் கீறிவிட்டுக் கூடைக்குள் படுத்தது. அன்று திட்டப்படி நடந்த காரியங்களில் அதுவும் ஒன்று.

என் நேரமும் பிற்பகல்தானே, என்னோடு கிளம்புங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அது முழிக்கிறப்போ தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு பக்கத்துல இருக்கணும்டி, நீ விவரமானவ, போய்ட்டு வந்துடுவ என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் விவரமானவள், அந்தப் பட்டத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. போனேன். நர்ஸ், கூட யாரும்மா வந்திருக்காங்க என்றாள். யாருமில்லை என்றேன். தனியா வந்தா செய்ய மாட்டோம்மா, முடிச்சிட்டு வாசல்ல விழுந்து வெச்சீங்கன்னா நாங்கதான் பதில் சொல்லணும் என்றாள். விழமாட்டேன் என்றதற்கு, எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு விழறாங்க என்றாள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார், அவரைக் கொஞ்ச நேரம் இரவல் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். கேட்கவில்லை.

நான் திரும்பியபோது வக்கீல் அப்பா மடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். அதன் காதைத் தடவிக்கொண்டே, அடுத்த தடவை நான் வர்றேன் என்றார். காலையில் ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சை அப்போதும் அழுத்திப் பிடித்திருந்தார்.

நீ வேலை வேலை என்று இருக்காதே, வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பைக் காட்டு, போகும்போது தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. குறை ஒன்றும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கட்டிக்கு அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். துணைக்கு வருகிறவர் பெயரைச் சொன்னால்தான் தேதி என்றார்கள். உன் பெயரைச் சொன்னேன்.

இப்படிக்கு,
அம்மா