அரை வயிற்றுச் சோறு

ஆம்பூர்,
12-3-1983

பாசமுள்ள ஹலீமா அக்காவுக்கு விஜயகுமாரியின் வணக்கம்.

மேல்விஷாரத்தில் அண்ணன் வீட்டில் உங்கள் கால் புண் ஆறிவிட்டதா? நீங்கள் கம்பெனியை விட்டுப் போனபின் உங்கள் மெஷினில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறாள். நல்லவள்தான். ஆனால் சாப்பாட்டு மணி அடித்தால் என் கண் உங்களைத்தான் தேடுகிறது.

ஒரு சேதி. எனக்கு நாலு மாதம். அவருக்குச் சந்தோஷம். எனக்குப் பயம். போன தடவை பிறந்தது கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது, மறுநாளே போய்விட்டது. நீங்கள் கூடவே இருந்தீர்கள், உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் வேலை நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். சூப்பர்வைசர் நிசார் அஹமது வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டரம்மா, "உழைக்கிற அளவுக்கு நீ சாப்பிடுறது இல்ல. எடை ஏறவே இல்லையே" என்றார். என் மாமியாரோ, "வயிறு முட்ட துன்னா புள்ள பெருசா வளர்ந்துடும், அரை வயிறு போதும்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. தண்ணீர்க் குடத்தைக்கூட என்னைத் தூக்க விடுவதில்லை. சோற்றில் மட்டும்தான் இப்படி.

உங்கள் டப்பாவில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டு, பசியில்லை என்று பொய் சொல்வீர்களே, அதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் தங்கை,
விஜயகுமாரி

*

மேல்விஷாரம்,
20-3-1983

என் தங்கச்சி குமாரிக்கு ஹலீமா பீ சலாம் சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷினை மிதிக்கிறாய். லைன் வீடு வரைக்கும் நடக்கிறாய். அதற்கே நீ குடிக்கிற கஞ்சி பத்தாது. பிள்ளை மிச்சத்தில்தானே வளரவேண்டும்? உன்னிடம் மிச்சம் எங்கே இருக்கிறது?

என் கதை நேர் எதிர். வேலையை விட்டு உட்கார்ந்தே இருக்கிறேன், சாப்பாடு மட்டும் பழையபடி. சர்க்கரை ஏறிவிட்டது, புண் ஆற மாட்டேன் என்கிறது. சோற்றைக் குறை என்கிறார் டாக்டர். அண்ணி பிரியாணி வைத்தால் என் கை நிற்பதில்லை.

நீ களி சாப்பிடு, வேர்க்கடலை சாப்பிடு, பருப்பை ஒரு கரண்டி ஜாஸ்தி போட்டுக்கொள். முடிந்த நாளில் ஒரு முட்டை. மாமியாரோடு சண்டை வேண்டாம். பிள்ளை பெரிதானால் அவருக்கு என்ன பயம்? அதைக் கேட்டாயா?

துஆவுடன்,
ஹலீமா பீ

*

ஆம்பூர்,
8-4-1983

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க அக்கா கங்கம்மாளுக்கு அது தலைப்பிள்ள. நல்லா சாப்பிடுவா. புள்ள பெருசு, வெளிய வரல. ஒடுகத்தூர்லேர்ந்து மாட்டு வண்டியில வேலூருக்குப் போனோம். அவ தலைய என் மடியில வச்சிகினு இருந்தேன். அணைக்கட்டு ஊரத் தாண்டறதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. உனக்கும் அப்படி ஆனா நான் இன்னா பண்ணுவேன்?"

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குமே தெரியாதாம், தோல் மண்டியிலிருந்து வந்தவர் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் வாங்கி வரும் முட்டையை அத்தைக்குத் தெரியாமல் தெருமுனையில் நின்று தின்கிறேன். அந்த மனுஷியை ஏமாற்றி என் பிள்ளையை வளர்க்க எனக்கு மனசில்லை அக்கா. என்ன செய்யட்டும்?

உங்கள்,
குமாரி

*

மேல்விஷாரம்,
15-4-1983

குமாரி, இது உனக்கு இல்லை. உன் மாமியாருக்குப் படித்துக் காட்டு.

செல்லம்மாள் அக்காவுக்கு ஹலீமா பீ எழுதுகிறேன். உங்கள் அக்காவை நினைத்து இன்று நானும் அழுதேன். அவர் நன்றாகச் சாப்பிட்டதால் சாகவில்லை அக்கா. ஆஸ்பத்திரி தூரமாக இருந்ததால் போனார். இன்றைக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளை பெரிதாக இருந்தால் வெளியே எடுக்க டாக்டருக்கு வழி தெரியும். தெம்பில்லாமல் பிறந்த பிள்ளையை அவர்களாலும் காப்பாற்ற முடியாமல் போனதை நாம் இருவருமே பார்த்தோம்.

என் பேச்சை நம்ப வேண்டாம். அடுத்த தடவை குமாரியோடு நீங்களும் போங்கள். டாக்டரம்மாவை உங்கள் வாயாலேயே கேளுங்கள்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
ஹலீமா பீ

*

ஆம்பூர்,
18-9-1983

ஹலீமா அக்கா, அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றக்கூடாது என்று உத்தரவு.

ஹலீமாம்மா, நான் செல்லம்மாள். நல்லா இருக்கியா? ஆம்பளப் புள்ள பொறந்து நேத்தோட ரெண்டு வாரம் ஆச்சு. மூணு கிலோவுக்கு மேலன்னு நர்சம்மா சொன்னாங்க. கத்தறான் பாரு, லைனே எழுந்துக்குது.

உன் கடுதாசியக் கேட்டுட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "புள்ள பெருசானா இன்னாம்மா பண்ணுவீங்க?"ன்னு டாக்டரம்மாவ நேராவே கேட்டேன். அவங்க சிரிக்கல. என்னைய ஆபரேசன் ரூம் வாசல் வரைக்கும் இட்டுகினு போய்க் காட்டினாங்க. அன்னிலேர்ந்து வீட்ல மொதல் களி உருண்டை குமாரிக்குத்தான். வாணாம்னாலும் விடமாட்டேன்.

ஆனா நான் பயந்ததே நடந்துச்சும்மா. வலி எடுத்து ரொம்ப நேரமாச்சு, புள்ள எறங்கல. எங்க அக்காளுக்கு ஆன மாதிரியே. நான்தான் தின்னு தின்னுன்னு ஊட்டி இவளையும் கொன்னுட்டேனோன்னு சுவத்துல முட்டிகினேன். டாக்டரம்மா என் தோள்மேல கை வச்சு, "தாய்க்கு ரத்தம் நல்லா இருக்கு, தாங்குவா. பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு ஆபரேசன் பண்ண உள்ள போனாங்க. அப்புறம் ஒரு அழுகைச் சத்தம். என் மவன் முனிரத்தினம் என்னைய கட்டிகினு சின்னப் புள்ள மாதிரி அழுதான். தாயும் உசுரோட இருக்கா, புள்ளையும் உசுரோட இருக்கான். இதுக்கு உனக்கு நான் இன்னா செய்ய முடியும்? சாமியக் கும்பிடறப்போ உன் பேரையும் சொல்லிட்டு வர்றேன், அவ்ளோதான்.

பேர் வைக்க நீ வரணும். நீதான் அவன் காதுல பேர் சொல்லணும். பஸ் ஏற முடியலன்னா முனிரத்தினம் வந்து இட்டாருவான். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கோச்சிக்காத. எங்க வீட்ல உனக்குச் சோறு கம்மியாத்தான் போடுவேன். பிரியாணி கெடையாது. கீரையும் காயும் எவ்ளோ வேணா துன்னு. என் தங்கச்சி கால் எனக்கு வேணும்.

இன்னும் எவ்வளவோ சொல்லணும். ஆனா குமாரி பேனாவ மூடப் போறா. என் தட்டுல சோறு போட்டு வச்சிகினு, "எல்லாரும் சாப்ட்டாச்சு. நீங்க சாப்புடுங்க அத்தை, ஆறிடும்"னு சொல்றா.