உன் இடது காலின் அச்சு

கொதிக்கிற வெந்நீரில் காலை வைத்துவிட்டு "இன்னும் கொஞ்சம் காய வைடி" என்று சொல்லும் என் அம்மாவுக்கு,

மதி எழுதுகிறேன். நீ போய் நாலு மாசம் ஆகிறது. இங்கே காலேஜில் கண்காட்சி வைக்கிறார்கள். முதல் வருஷப் பிள்ளைகள் ஃபவுண்டேஷன் ஸ்டுடியோவில் கையால் செய்ததில் நல்லதாகப் பொறுக்கி முன் ஹாலில் வைப்பார்கள். உன் இடது கால் தேர்வாகியிருக்கிறது. பக்கத்தில் ஒட்ட, அதை எப்படிச் செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், உனக்குக் கடிதமாகிவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கட்டும்.

ஸ்டுடியோ என்றால் என்னவென்று உனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. முதல் மாசம் முழுக்கப் புள்ளியும் கோடும். அப்புறம் காகிதம் மடித்தோம், கம்பி வளைத்தோம், களிமண் பிசைந்தோம். "டிசைன் படிக்கப் போறேன்னு சொல்லிட்டு மண்ணு பிசையறியா? அதுக்கு என்கூட பாத்தி மிதிக்க வந்திருக்கலாமே" என்று போனில் சிரித்தாய். மரக்காணத்து உப்பளத்தில் இருபது வருஷம் பாத்தி மிதித்தவள் நீ, சொல்லலாம்.

அடுத்தது பிளாஸ்டர். அவரவர் ஊரிலிருந்து ஏதாவது ஒன்றை அச்சு எடுத்து வர வேண்டும். ஒருத்தி பனைமரத்துப் பட்டை என்றாள், ஒருவன் கூரை ஓடு என்றான். நான் உன் கால் என்றேன். உப்பு அரித்து அரித்துப் பாளம் பாளமாக வெடித்த அந்தக் குதிகால் வேறு யாரிடம் இருக்கிறது? அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை அம்மா. மார்க் வரும் என்றுதான் தோன்றியது.

முதல் தடவை ஊருக்கு வந்து முறையாகத்தான் செய்தேன். உடம்பை அச்சு எடுப்பதற்கென்றே ஒரு பவுடர் உண்டு. கரைத்தால் அல்வா மாதிரி இறுகும், சூடாகாது. நான் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன், மழுங்கலாக வந்தது. சார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெடிப்பு ஒண்ணும் ஷார்ப்பா வரலையேம்மா. திங்கட்கிழமை ஜூரி, மார்க் போட வெளியிலேருந்து ஆள் வர்றாங்க, மறுபடி பண்ணிடு" என்றார். பவுடர் தீர்ந்து போயிருந்தது. சனிக்கிழமை பையில் வெறும் பிளாஸ்டர் மாவோடு பஸ் ஏறினேன்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், அதற்குள் கை காலை நேரடியாக வைக்கக் கூடாது. இது முதல் வகுப்பிலேயே சொன்னது. என் நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். உனக்குச் சர்க்கரை, காலில் உணர்ச்சி செத்துப் போயிருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ அப்போதுதான் பாத்தியிலிருந்து வந்திருந்தாய். தேங்காயெண்ணெய் தடவி, துணி அலசுகிற பேசினில் காலை வைக்கச் சொல்லி, மாவைக் கரைத்துக் கணுக்கால் வரை ஊற்றினேன்.

"சுடுதாம்மா?"

"இல்லடி. வெதுவெதுன்னு சொகமா இருக்குது. காலையிலேருந்து நின்ன அசதியெல்லாம் போவுது."

நான் பேசினை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கையை எடுத்துவிட்டேன். உன் காலை எடுக்கச் சொல்லவில்லை. அரைகுறையாக எடுத்தால் வெடிப்பு பதியாது. இன்னும் பத்து நிமிஷம் என்றேன். நீ டீ கேட்டாய், போட்டுக் கொடுத்தேன்.

கால் வரவில்லை. சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து அச்சை ரெண்டாகப் பிளந்துதான் எடுத்தேன். உன் குதிகால் சிவந்திருந்தது. அச்சுக்குள் குதிகால் பதிந்த இடத்தில் மெல்லிசாக ஏதோ ஒட்டியிருந்தது, காய்ந்த பசை மாதிரி. என்னவென்று தெரிந்தேதான் உரித்து எடுத்தேன். எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வேறு பார்த்தேன். பிறகு ரெண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, உள்ளே புது பிளாஸ்டர் ஊற்றினேன். உன் கால் வந்தது, ஒரு வெடிப்பு விடாமல்.

ஜூரிக்கு வெளியிலிருந்து வந்த மேடம் குதிகாலைத் தடவி, "ஐயோ, உயிரோட இருக்குதே" என்றார். கை தட்டினார்கள். வகுப்பில் நான்தான் முதல். சாயங்காலம் உனக்குப் போன் பண்ணினேன்.

"என் காலையா பார்த்தாங்க? கருமம், நல்லா தேய்ச்சுக் கழுவியாவது இருப்பேன்" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தினாய். "கொப்புளம் ஒடைஞ்சிருக்குது மதி. உங்கப்பா கேட்டாரு. பாத்தியில உப்புக்கல்லு கிழிச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன். நீ எதையாவது உளறி வெக்காத."

நான் உளறவில்லை. சர்க்கரைக்குப் புண் ஆறாமல் அழுகியது. ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. பிறகு நீயே போய்விட்டாய்.

அப்பாவுக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. உங்கள் மேஸ்திரி கன்னியப்பன் கிடைத்தார், உன் கூடப் பிறந்த தம்பி, என் மாமா. பூட்ஸ் கொடுக்காமல் பாத்தியில் இறக்கி அக்காவைக் கொன்றவன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். உன்னை எடுக்கிற அன்று மாமா தாய்வீட்டுக் கோடி கொண்டுவந்தார். பிறந்த வீட்டுப் புடவை மேலே விழாமல் ஒரு பெண்ணை எடுப்பார்களா? அப்பா அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்.

"கொன்னுட்டு கோடி போட வர்றியா?"

மாமா புடவையை எடுத்து மண்ணைத் தட்டினார். "நான் பூட்ஸ் குடுத்தேனேக்கா" என்று உன்னிடம்தான் சொன்னார். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. அம்மாவைப் பறிகொடுத்து அழுகிற பெண்ணை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அது எனக்கு வசதியாகப் போயிற்று. நீ கோடி இல்லாமல் போனாய்.

எனக்காகப் பொய் சொன்னாய், சரி. அது உன் தம்பி தலையில் விழும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாயா? வெட்கமில்லாமல் உன்மேலும் கோபம் வருகிறது எனக்கு. சுகமாக இருக்கிறது என்று ஏன் சொன்னாய்?

போன வாரம் அப்பாவிடம் கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை நாள் வைப்பார்கள் என்று கேட்டார். அப்புறம், "முடிஞ்சதும் அதை வீட்டுக்கு எடுத்துனு வந்துடு மதி" என்றார். "அவ கால வெட்டி எங்க போட்டாங்களோ தெரியல. அது ஒண்ணாவது முழுசா இருக்குது. வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு பூ வெக்கலாம்."

பூ வைப்பாராம், அதற்கு.

கண்காட்சி திங்கட்கிழமை. ஊரார் படிப்பதற்கு முன்னால் அப்பா இதைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே காலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன். முதலில் கூனிமேட்டில் இறங்கி மாமா வீட்டுக்குப் போவேன். அந்தக் கோடி இன்னும் அவர் பீரோவில்தான் இருக்கிறதாம், அத்தை சொன்னாள். மாமாவைக் கோடியோடு கூட்டிவந்து, அப்பா எதிரில் இந்தக் காகிதத்தை ஒரு வரி விடாமல் படிப்பேன். வாசலிலேயே நிற்க வைத்தால் வாசலிலேயே படிப்பேன். அப்பா கத்துவார், அடிப்பார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எவ்வளவு சுட்டாலும் இந்தத் தடவை கையை எடுக்க மாட்டேன் அம்மா.

உன் ஒரே பெண்,
வளர்மதி