இரண்டாம் அறைக்கும் ஒரு பலகை

அனுப்புநர்
ம. வெள்ளைத்துரை,
போர்டு, பேனர் எழுதுபவர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை – 2.

பெறுநர்
மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்கள்,
சென்னை.

பொருள்: டயாலிசிஸ் பிரிவின் இரண்டாம் அறையிலும் கை கழுவச் சோப்பு வைக்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முப்பது வருடமாக அடுத்தவர் சொல்வதைப் பலகையில் எழுதிப் பிழைப்பவன் நான். சொந்த விஷயத்தை எழுதுவது இதுவே முதல் தடவை. பிழையிருந்தால் பொறுத்தருளவும்.

1. என் மனைவி ஜோதிலட்சுமிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. அபிராமபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் நடக்கிறது. மருத்துவமனையின் பெயரைத் தனித்தாளில் எழுதி, உறையை ஒட்டி இணைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமையும் அவள் அங்கேதான் போயாக வேண்டும்.

2. கடந்த ஜனவரியில் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ஏறி வரும் காய்ச்சல், ஊழியர்கள் கை கழுவினால் குறையுமா என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். முதல் அறைக்குச் சோப்பு, துண்டு, பயிற்சி வகுப்பு, பலகை. இரண்டாம் அறை வழக்கம்போல. யாருக்கு எந்த அறை என்று எவர்சில்வர் டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். என் மனைவிக்கு இரண்டாம் அறை விழுந்தது. ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். படித்துச் சொல்லச் சொன்னதற்கு, "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்றார்கள்.

3. முதல் அறைப் பலகையை எழுதியவனும் நானே. "நோயாளியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவவும்." நாலடிக்கு இரண்டடி, நீல எனாமல். எழுதி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துபோன விஷயம், இத்தனை படித்தவர்களுக்குப் புரிய ஆறு மாதம் ஏன் பிடிக்கிறது என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

4. மார்ச்சிலும் மே மாதத்திலும் என் மனைவிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடும்படி நடுங்கினாள். கழுத்தில் வலப்பக்கக் குழாயை எடுத்துவிட்டு இடப்பக்கம் போட்டார்கள். அதுவும் கெட்டால் வேறு இடம் கிடைப்பது கஷ்டம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, அதே பலகையை இன்னொன்று எழுதி இரண்டாம் அறையில் மாட்டினேன். ஒரு சோப்பும் வைத்தேன். செவிலியர் ஆரோக்கியமேரி, "நல்ல காரியம் பண்ணீங்கண்ணே. இந்த ரூமுக்கு சோப்பே தர மாட்டேன்றாங்க. நாங்க இன்னா பண்றது?" என்றார்.

5. மூன்றாம் நாள் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் சித்தார்த்தன், நான் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டதாகக் கண்டித்தார். இரண்டாம் அறையிலும் காய்ச்சல் குறைந்துவிட்டால் முதல் அறையின் அருமை எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயம்தானே! என் மனைவி நடுங்கியதால் ஓர் ஆராய்ச்சி நிமிர்ந்து நிற்கிறது என்பதை அவளிடம் சொல்ல எனக்குத்தான் துணிவில்லை. முதல் அறைக்கு மாற்றித் தரும்படி கேட்டதற்கு, கணக்கு இடிக்கும் என்றார்.

6. ஜூலை ஐந்தாம் தேதி தி.நகரில் ஒரு மண்டபத்தில் ஆராய்ச்சி முடிவை அறிவிக்கும் விழா. அதற்குப் பேனர் எழுதும் வேலையும் எனக்கே வந்திருக்கிறது. என்னை விட்டால் ஊரில் ஆள் இல்லை போலும். "முதல் அறையில் காய்ச்சல்: 2. இரண்டாம் அறையில் காய்ச்சல்:" என்று எழுதி, இரண்டு இலக்கத்துக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் எண்ணிக்கை தருவார்களாம். இன்று வரை பதினொன்று என்று கேள்வி. அதில் இரண்டு என் மனைவியுடையவை.

ஆகவே ஐயா, ஆராய்ச்சியை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் இரண்டாம் அறையில் ஒரு சோப்பு வைக்க மட்டும் உத்தரவிடுங்கள். பலகை என் பட்டறையில் தயாராக இருக்கிறது. தாங்கள் சொன்ன அரைமணியில் கொண்டுபோய் மாட்டிவிடுவேன். பேனரில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே பன்னிரண்டு என்று என் கையாலேயே எழுத வைத்துவிடாதீர்கள்.

இடம்: சென்னை – 2
நாள்: 18.6.1997

இங்ஙனம்,
ம. வெள்ளைத்துரை
(ஒப்பம்)

இணைப்பு: ஒட்டிய உறை ஒன்று.