மூடியின் மேல் உட்கார்ந்தவன்

இன்று காலை எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கம்பி வைக்க வெல்டிங்காரன் வந்திருந்தான். அந்த நெடி, வயதான காலத்தில் நான் குடியிருக்கும் இந்த நெருள் வரைக்கும் என்னைத் தேடி வந்துவிட்டதே என்று எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறந்துவைத்தேன். புகை வந்தால் ஊரே கதவை மூடும். நான் திறப்பேன். நீ ஒட்டவைத்த பைத்தியம்.

அந்த நாளில் வடாலா பட்டறையில் எண்ணெய் டாங்கிக்குள் இறங்கி வெல்டிங் வைப்பவன் நீ. யாரும் தெரியாமல் மூடிவிடக் கூடாது என்று, கழற்றிய இரும்பு மூடியின் மேல் வெளியே உட்கார்ந்திருப்பவன் நான். உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுவாய். நானும் பதிலுக்குத் தட்டுவேன்.

அறுபத்தேழின் தொடக்கம். விண்வெளிக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த மூன்று அமெரிக்கர்களின் படத்தை நம் தாராவி அறைச் சுவரில் ஒட்டியிருந்தாய். "நம்மள மாதிரி மூடிக்குள்ள போயி பொழைக்குத பயலுவதாம்ல" என்று உனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் காலை டீக்கடையில் பேப்பரை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"ஏல, அவங்க மேல போகவே இல்லல. தரையில ஒத்திகை பாக்கையிலயே உள்ள தீப்பிடிச்சிட்டாம். உள்பக்கமாத் தொறக்குத கதவாம், தொறக்க முடியலயாம். வெளிய அம்புட்டுப் பேரு நின்னுருக்கான். ஒருத்தனாவது மூடி மேல உக்காந்திருக்க வேண்டாமால?"

"இன்னைக்கு இறங்காதல" என்றேன். "சேட் விடுவானா?" என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாய்.

ரயில் ஒன்று கடந்துபோனது. சத்தம் அடங்கிய பிறகும் உன் தட்டு கேட்கவில்லை. நான் தட்டினேன். பதில் இல்லை. ஆள் கூப்பிட ஓடலாமென்றால் மூடியை விட்டு எழப் பயம், எழாமல் இருக்கவும் பயம். உட்கார்ந்தபடியே கத்திக்கொண்டு கயிற்றை இழுத்தேன். வெளுத்த முகத்தோடு வந்து தலையை நீட்டினாய்.

"கை வரலல. அந்தக் கதவையே நெனச்சிட்டு அப்படியே இருந்துட்டேன்."

அன்று இருவரும் அந்த மூடியின் மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். சேட் திட்டியது காதில் ஏறவில்லை.

போன வாரம் சான்பாடாவில், உன் வீட்டுக் கூடத்தில், உன்னை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். மூடப் போனபோது நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க சித்தப்பா" என்று உன் மகன் என் விரல்களைப் பிரித்துவிட்டான்.

மூடிய பிறகு கண்ணாடியில் இரண்டு முறை தட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காது கொடுத்து நின்றேன். இங்கே, காலையில் நான் திறந்த வாசல் கதவு இன்னும் திறந்துதான் கிடக்கிறது.