நாக்கில் தெரியாத உப்பு

அன்புள்ள சைமாவுக்கு, சலாம். நீயும் நம் பாப்பா மெஹ்னாஸும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கவேண்டும். பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நின்றதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் திருப்பூர் சாயப்பட்டறைக்குத் தண்ணீர் லாரியில் வரும். உப்புத் தண்ணீர் என்றால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் தொட்டியில் இறக்கும் முன் ஒருவர் குடித்துப் பார்க்கவேண்டும். செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்கச் சொன்னார்கள். "சோக்கா கீது மாஸ்டர், சக்கரையாட்டம் கீது" என்றேன். சாயங்காலம் முந்நூறு கிலோ நீலத் துணி, தேமல் விழுந்த தோல்போல வெளியே வந்தது. மாஸ்டர் மிச்சத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினார். "இந்தக் கரிப்புக் கரிக்குது. உனக்கு நாக்கு இருக்குதா, இல்லியாப்பா?"

சத்தியமாக எனக்குக் கரிக்கவில்லை, சைமா. கல்மண்டபத்தில் நம் வீட்டு அடிபம்புத் தண்ணீர் போலவே இருந்தது.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளாக வாசலில் நின்று கெஞ்சுகிறேன். திரும்பச் சேர்க்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியவேண்டாம். என் பழைய போர்வையை அனுப்பு.

இன்னொன்று. பாப்பாவுக்குப் பால்மாவு கரைக்கும் தண்ணீரை வெளியூர்க்காரர் யாரிடமாவது கொடுத்துக் குடித்துப் பார்க்கச் சொல். இன்றைக்கே சொல். நீ குடித்துப் பார்க்காதே, உனக்கும் தெரியாது.

அவசரத்தில்,
மொஹ்சின்