ஷூவுக்குள் பஞ்சு

பாப்பாவின் அம்மாவுக்கு,

பாப்பாவின் வளைந்த பாதத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து மாவுக்கட்டு என்று உன் அண்ணன் போனில் சொன்னார். கட்டுக்கு வெளியே விரல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள். உனக்குத் தெரியாததா.

கடையில் கூட்டமில்லை. செருப்பு விற்பவனுக்கு எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

அன்று டாக்டர், "கட்டு பிரிச்சப்போ நேரா இருந்த கால் மறுபடி திரும்பிடுச்சே. திரும்பாம இருக்க ராத்திரி பகலா போடச் சொல்லிக் கொடுத்த ஷூவைக் கழட்டி வச்சீங்களா?" என்று கேட்டார். என் அம்மா உன்னைப் பார்த்தார். நானும் உன்னைத்தான் பார்த்தேன். "குளிப்பாட்டுறப்போ தவிர கழட்டினதே இல்லைங்க" என்று அழுதாய். அன்றே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நீ சொன்னது நிஜம். எனக்கு அங்கேயே உறைத்தது.

ஆஸ்பத்திரியில் இருப்பதிலேயே சின்ன ஷூவும் அவளுக்குப் பெரிது; கால் நழுவிக்கொண்டே இருந்தது. அளவு சரியில்லை என்றால் கடையில் செய்வதையே செய்தேன். உள்மெத்தைக்கு அடியில், குதிகாலுக்கு நேராகப் பஞ்சு வைத்தேன். வெளியே தெரியாமல் வைப்பதுதான் எங்கள் கைவரிசை. நேற்று தனியாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். "குதிகால் கீழே படிஞ்சாத்தானே கால் நேரா நிக்கும்?" என்றார்.

என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் அண்ணனிடம் காட்ட, பஞ்சை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். பிறகு தூக்கிப் போட்டுவிடாதே. அதில் அவளுடைய குதிகாலின் குழி இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காதவன்